மருந்து இருந்தும் சேராத கதை

வியட்நாம் போரில் மலேரியா வீரர்களைக் கொன்று குவித்தது. அதற்கு மருந்து தேடி 1967 மே 23 அன்று சீனா ஓர் இரகசிய ஆய்வைத் தொடங்கியது. 1972இல் தூ யூயூவின் குழு மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து நரம்பில் ஏற்றும் ஆர்ட்டிசுனேட் ஊசி பிறந்தது.

ஆனாலும் பல நாடுகளில் கடும் மலேரியாவுக்குக் குயினைனே தொடர்ந்தது. இந்தியா உட்பட நான்கு ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது: குயினைன் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தனர், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். ஊசிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தர அங்கீகாரம் 2010இல்தான் கிடைத்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கான பரிந்துரை 2011இல்.

தோழர்களே, இந்நோயில் அதிகம் சாவது ஏழை வீட்டுக் குழந்தைகள். கண்டுபிடித்த ஆண்டை மட்டும் படிக்காதீர்கள்; அவர்கள் கைக்கு வந்த ஆண்டையும் கேளுங்கள்.