தொடர்வண்டிப் பாதுகாப்பில் பொதுப்பயன் மென்பொருள்

லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள், தரவுத்தளங்கள், திரை வடிவமைப்பு நூலகங்கள் ஆகியவை எந்த வேலைக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டவை. ரயிலின் பிரேக்கை ஆளும் கணினிக்கு அருகில் அவற்றை எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம் என்பது இருப்புப்பாதைப் பொறியியலில் நெடுநாளைய கேள்வி.

மலேசியாவில் கூலாய் நகர் வழியே செல்லும் ஜொகூர் ரயில்பாதை 1909இல் நிறைவுற்றது. அன்று பாதுகாப்பு என்பது கைகாட்டியும் நிலைய அதிகாரியின் கவனமும்தான். கிம்மாஸ்–ஜொகூர் பாரு இரட்டைத்தட மின்பாதை முடிந்து, 2025 டிசம்பரில் இ.டி.எஸ். எனும் மின்ரயில்கள் ஜொகூர் பாருவை எட்டின. மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் ரயில் ஏறத்தாழ 39 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் வரம்பை மீறினால் கணினியே பிரேக் பிடிக்கும் ஐரோப்பிய முறை மலேசியாவில் பயன்படுவதற்கு இது ஒரு காரணம்.

அந்தக் கணினி எஸ்.ஐ.எல். 4 எனும் உச்சத் தரத்துக்கு உரியது. ஆபத்தான பழுது பத்துக் கோடி மணி நேரத்துக்கு ஒருமுறைகூட நேரக்கூடாது. கோடிக்கணக்கான வரிகளில் வளர்ந்த லினக்ஸுக்கு இப்படியொரு சான்றைப் பின்னாளில் தேடித் தருவது மிகக் கடினம். அதற்கான எலிசா கூட்டுத்திட்டமே 2019இல்தான் தொடங்கியது. பாரிஸ் மெட்ரோ 14ஆம் தடம் (1998) எதிர்வழி சென்றது. ‘பி’ எனும் முறையில் கணித நிரூபணத்தோடு சுமார் 86,000 வரி அடா மொழி நிரலை உருவாக்கினார்கள். என் மதிப்பில் இத்துறையின் மிகச் சிறந்த சாதனை அது.

ஆனால் பிரேக் கணினியை மட்டும் காத்தால் போதாது என்பதை அதே ஐரோப்பிய முறையில் இயங்கும் வேல்ஸின் கேம்ப்ரியன் பாதை காட்டியது. 2017 அக்டோபர் 20 அன்று, தன் திரையில் தற்காலிக வேகவரம்புகள் வரவில்லை என்று ஓட்டுநர் ஒருவர் தெரிவித்தார். முந்தைய இரவு சிக்னல் கணினி மறுதொடக்கமானபோது அந்த வரம்புகள் அதன் நினைவிலிருந்து அழிந்துபோயிருந்தன. அவற்றை மீண்டும் ஏற்றவேண்டிய துணைக்கணினியும் பழுதுபட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையோ எல்லாம் ஏறிவிட்டதாகவே காட்டியது. 30 கி.மீ. வரம்புள்ள ரயில்வே கேட்டை நோக்கி ஒரு ரயில் 80 கி.மீ. வேகத்தில் வந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பிரேக் கணினி தனக்குக் கிடைத்த தரவின்படி சரியாகவே இயங்கியது. அந்தத் தரவுதான் முழுமையாக இல்லை.

மலேசியாவில் உள்ள முதல்நிலை ஐரோப்பிய முறையில், கேம்ப்ரியனில் உள்ளது போல ரயில்களுக்கு வரம்பை அனுப்பும் வானொலிவழி மையம் இல்லை. தண்டவாளத்திடைப் பலீஸ் கருவிகளே வரம்பைச் சொல்லும். எனவே கேம்ப்ரியன் பழுது அதே வழியில் நேராது. என்றாலும் பலீஸுக்கான தரவும் ஏதோ ஓர் அலுவலகக் கணினியில்தான் தயாராகிறது. இ.என். 50128 தரநெறியின் 2011 பதிப்பு இத்தகைய தரவைத் தயாரிக்கும் மென்பொருள் கருவிகளை டி3 என வகைப்படுத்தி, அவற்றின் விளைவையும் சரிபார்க்கச் சொல்கிறது.