மரபணு நச்சுப் புற்றுக்காரணிகளின் வரம்பளவு

மரபணு நச்சுப் புற்றுக்காரணிகள் என்பவை டி.என்.ஏ.வைத் தாக்கிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் வேதிப்பொருள்கள். நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் பி1, புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் ஆகியவை இவ்வகையின. எந்த அளவுக்குக் கீழ் இவை தீங்கற்றவை என்பது நச்சியலில் நெடுங்கால விவாதம்.

வரம்பின்மைக் கொள்கை

பிற நஞ்சுகளுக்கு, விலங்குகளில் தீங்கு காட்டாத அளவைக் கண்டு, வழக்கமாக அதை 100ஆல் வகுத்து, மனிதர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை வரையறுப்பர். டி.என்.ஏ.வைத் தாக்குபவற்றுக்கு இம்முறை பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஒரேயொரு திடீர்மாற்றமும் கோட்பாட்டளவில் புற்றுக்கு வித்தாகலாம். கல்லீரல் நொதிகள் அஃப்ளாடாக்சினை எபாக்சைடாக மாற்ற, அது டி.என்.ஏ.வின் குவானினோடு பிணைகிறது. பழுது நீங்குமுன் செல் பிரிந்தால் மாற்றம் நிலைத்துவிடும். இந்நஞ்சு மிகுந்த பகுதிகளில், கல்லீரல் புற்றுக்கட்டிகளில், புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் 249ஆம் கோடான் மாறியிருப்பது அடிக்கடி காணப்படுகிறது.

எதிர்வாதம்

செல்லில் இயல்பாகவே அன்றாடம் ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. சிதைவுகள் நேர்கின்றன, பழுதுநீக்கும் நொதிகள் அவற்றைச் சரிசெய்கின்றன. இத்திறனுக்குள் அடங்கும் அளவு தீங்கற்றது என்பது எதிர்வாதம். 2007இல் நெல்ஃபினாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தில் எத்தில் மெத்தேன்சல்ஃபோனேட் என்னும் மரபணு நச்சு கலந்திருந்ததால் ஐரோப்பாவில் அது திரும்பப் பெறப்பட்டது. மருந்துத் தயாரிப்புக்கான அமிலத்தை வைக்கும் தொட்டியைக் கழுவிய எத்தனால் முற்றும் உலராமல், அவ்வமிலத்தோடு வினைபுரிந்ததே காரணம். பின்னர் நடந்த எலிச் சோதனைகளில் இப்பொருளுக்குத் தெளிவான வரம்பளவு தென்பட்டது; அதன் உறவுப்பொருளான எத்தில்நைட்ரசோயூரியாவுக்குத் தென்படவில்லை.

சோதனையின் எல்லை

மிகக் குறைந்த அளவுகளில் கூடுதலாக வரும் கட்டிகள் சொற்பம் என்பதால் அவற்றை அளப்பது கடினம். அமெரிக்காவில் 1970களில் சுமார் 24,000 சுண்டெலிகளுக்கு அசிட்டைல் அமினோஃபுளோரின் என்னும் மரபணு நச்சுப் புற்றுக்காரணியைக் கொடுத்துப் பார்த்தனர். கல்லீரல் கட்டிகள் அளவுக்கேற்ப ஏறக்குறைய நேர்கோட்டில் கூடின. சிறுநீர்ப்பைக் கட்டிகளோ குறிப்பிட்ட அளவுக்கு மேல்தான் சடுதியில் பெருகின.

நடைமுறை

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2005இல் ஒரு விகிதத்தை முன்வைத்தது: விலங்குகளில் 10 விழுக்காடு கூடுதல் புற்றை உண்டாக்கும் அளவின் கீழ்மதிப்பீடு, மனிதர் உட்கொள்வதைப்போல் 10,000 மடங்கோ மேலோ இருந்தால் கவலை குறைவு. மருந்து மாசுகளுக்கு, வாழ்நாளில் 1,00,000 பேரில் ஒருவருக்குக் கூடுதல் புற்று என்ற கணக்கில், நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராம் பொது வரம்பு. அஃப்ளாடாக்சின் போன்ற வீரியமிக்கவற்றுக்கு இது பொருந்தாது. ஆளைப் பொறுத்தும் ஆபத்து மாறும்: ஹெபடைடிஸ் பி தொற்றுள்ளவருக்கு அஃப்ளாடாக்சின் சுமார் 30 மடங்கு வீரியமானது எனச் சர்வதேச நிபுணர் குழு 1997இல் மதிப்பிட்டது. எனவே இவ்வெண்கள் தீங்கு தொடங்கும் எல்லையைக் குறிப்பன அல்ல. எவ்வளவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற முடிவைக் குறிப்பன.