தன் எலும்பைத் தானே கண்டவன்

முற்பிறவிக் கதை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' திரைப்படம்தான். வாசிப்புப் பழக்கம் உள்ளவர்கள் கல்கியின் 'சோலைமலை இளவரசி'யையும் சேர்த்துச் சொல்வார்கள். 1942 போராட்டத்தில் தலைமறைவான இளைஞன் ஒருவன், பாழடைந்த கோட்டையில் ஒளிந்திருக்கையில் நூறாண்டுக்கு முந்தைய தன் வாழ்வைக் காணும் கதை அது. ஆனால் அறிவியலும் மாயமும் மெய்யியலும் ஒன்றாய்க் கலந்த முற்பிறவி நாவல் எங்கே என்று கேட்டால், நாம் உடனே கடல் கடந்த இலக்கியங்களைத் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

பட்டுக்கோட்டையிலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் முத்துப்பேட்டை, வேதாரண்யம், நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். முடிவில் காவிரி கடலில் சேரும் பூம்புகார். நாம் தேடும் கதை அங்கேதான் நிகழ்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையைத் தேர்வுக்குரிய பாடநூலாகவே படித்துப் பழகிவிட்டதால், அது எவ்வளவு துணிச்சலான புனைவு என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கதையின் அடிப்படையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். உவவனத்தில் உறங்கிய மணிமேகலையை, மணிமேகலா தெய்வம் மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்கு முற்பிறப்பு விளங்குகிறது. அப்பிறவியில் அவள் இலக்குமி, கணவன் இராகுலன். அவன் நஞ்சுடைய பாம்பால் இறக்க, அவள் தீப்புகுந்தாள். அந்த இராகுலன்தான் இப்போது தன்னை விடாது பின்தொடரும் சோழ இளவரசன் உதயகுமாரன். மாதவியும் சுதமதியும் முன்பு தன் தமக்கையராய் இருந்தவர்கள். ஒரு பிறவியின் உறவுகள் அடுத்த பிறவியில் இடம் மாறி நிற்கும் இந்த அமைப்பு, இன்றைய நாவலாசிரியன் ஒருவனும் பொறாமைப்படத் தக்கது.

இதைவிட நம்மை உலுக்குவது இருபத்தைந்தாம் காதையில் வரும் ஒரு காட்சி. ஆபுத்திரன், வாரணாசியைச் சேர்ந்த சாலி என்பவள் பெற்றுக் கைவிட்ட குழந்தை. ஏழு நாள் ஒரு பசு அவனுக்குப் பால் சுரந்து காத்தது. இளம்பூதி என்ற அந்தணர் எடுத்து வளர்த்தார். வளர்ந்த பிள்ளை, வேள்விக்குக் கட்டிவைத்திருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போய், அதனாலேயே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டான். மதுரையில் பிச்சையெடுத்து, கிடைத்ததை இல்லாதவர்க்கு ஊட்டி வாழ்ந்தவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியைத் தந்தாள். பிறகு மழை வளத்தால் பசித்தோரே இல்லாத காலம் வந்தது. உணவுக்கு ஆள் தேடிச் சாவகம் நோக்கிக் கப்பலேறினான். ஆளில்லா மணிபல்லவத்தில் கப்பல் அவனை விட்டுச் சென்றுவிட, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் நீத்தான். மறுபிறவியில் சாவக நாட்டில் புண்ணியராசன் என்னும் அரசனானான்.

அந்த அரசனை மணிமேகலை மீண்டும் மணிபல்லவத்துக்கு வரவழைக்கிறாள். புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டுகிறார்கள். உள்ளே கிடக்கிறது அவனுடைய பழைய உடம்பின் எலும்புக்கூடு. தன் எலும்பைத் தானே காணும் மனிதன்! உலக இலக்கியத்தில் இதற்கு நிகரான காட்சி எளிதில் கிடைக்காது என்றே நாம் நினைக்கிறோம். கனவு, உள்ளுணர்வு, தெய்வ வாக்கு எதுவும் போதாதென்று, தோண்டி எடுத்துக் காட்டுகிறார் சாத்தனார். அகழ்வாய்வு செய்பவரின் மனம் அது.

இன்னொன்றும் அங்கே நிகழ்கிறது. அவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் இறந்ததறிந்து தாங்களும் உண்ணாது மாண்ட ஒன்பது வணிகரின் எலும்புகளையும் தீவதிலகை சுட்டிக்காட்டுகிறாள். நீ உன்னையும் கொன்றாய், உன்மேல் இரங்கி வந்தவர்களையும் கொன்றாய், கொலை செய்தவன் இன்று அரசனாக நிற்கிறாய் என்ற பொருள்படக் கேட்கிறாள். அவ்வளவு அருளாளனாக வாழ்ந்தவனுக்கும் முற்பிறவியின் கணக்குச் சீட்டு இப்படித்தான் நீட்டப்படுகிறது. மனம் கலங்கிய அரசனைத் துறவுக்கு அனுப்பாமல், நாட்டுக்குத் திரும்பி மக்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் கொடு என்று மணிமேகலை திருப்பி அனுப்புகிறாள்.

மாயத்துக்கு இணையாகத் தருக்கமும் இக்காப்பியத்தில் ஓடுகிறது. இருபத்தேழாம் காதையில் சமயவாதிகள் பலரையும் மணிமேகலை கேட்கிறாள். கண்ணால் காண்பது மட்டுமே மெய், மறுபிறவி பொய் என்கிறான் பூதவாதி. தன் பழம்பிறப்பை அறிந்தவளாகிய அவள், தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்து அவன் வாயை அடைத்திருக்கலாம். அவள் கேட்பது வேறு: அனுமானத்தை ஏற்காவிட்டால், உன் தாய் தந்தையர் இவர்தாம் என்று எப்படி அறிவாய்? இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள், காண்டல், கருதல் என்னும் இரண்டு அளவைகளை மட்டும் கொண்டு, ஏதுவிலும் எடுத்துக்காட்டிலும் நேரும் பிழைகளை ஒவ்வொன்றாய் விரிக்கிறார். பழம்பிறவிக் கதை சொல்லிவந்த நூல், முடிவில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சோதிக்கும் கருவியையும் வாசகன் கையில் தந்துவிடுகிறது.

இந்நூலே ஒரு மறுபிறவி எடுத்ததுதான். 1894இல் திருமயிலை சண்முகம் பிள்ளை மூலத்தைப் பதிப்பித்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைப் புரட்டியபோது, பல சொற்கள் எச்சமயத்தைச் சேர்ந்தவை என்றே விளங்கவில்லை. பௌத்தம் தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு மறக்கப்பட்டிருந்தது. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர்தாம் இது பௌத்த நூல் என்று தெளிவித்து, ஆங்கில நூல்களின் துணையோடு விளக்கினார். 1898இல் வெளிவந்த பதிப்பில் புத்தசரித்திரத்தையும் பௌத்த தருமத்தையும் பௌத்த சங்க வரலாற்றையும் ஐயர் எழுதிச் சேர்த்தார். ஒரு சைவப் புலவர் நம் மண்ணின் மறந்துபோன பிறவி ஒன்றை நமக்கு நினைவூட்டினார் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த பத்தாண்டு கழித்து, சென்னை அடையாற்றில் வேறொரு முற்பிறவி நூல் உருவாகத் தொடங்கியது. 1909இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர், கடற்கரையில் கண்ட ஜே.கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவனிடம் வருங்கால உலக ஆசானைக் கண்டதாகச் சொன்னார். 1910 முதல் 'தியாசபிஸ்ட்' இதழில் அச்சிறுவனின் முந்தைய பிறவிகள் 'அல்சியோன்' என்ற பெயரில் தொடராக வந்தன. முப்பது பிறவிகள், கி.மு. 22,662 முதல் கி.பி. 624 வரை. 1924இல் நாற்பத்தெட்டு பிறவிகளாக விரிந்து நூலாயிற்று. அன்னி பெசண்ட் 'ஹெராக்ளிஸ்', லெட்பீட்டர் 'சிரியஸ்', தம்பி நித்யா 'மிசார்' என்று சபையினர் பலர் அதில் பாத்திரங்கள். இதே இருவர்தாம் 1908இல், ஞானக்கண்ணால் அணுவைக் கண்டு எழுதியதாக ஒரு வேதியியல் நூலையும் வெளியிட்டிருந்தார்கள். ஆண்டும் எண்ணும் அட்டவணையும் கொண்டு மாயத்துக்கு அறிவியல் சட்டை மாட்டும் முயற்சி அது.

அந்நூலில் தமக்கு இடம் உண்டா என்பது சபை உறுப்பினர்களிடையே பெருமைக்குரிய விஷயமாகிவிட்டது. அதன் சுமை முழுவதும் ஒரு சிறுவன் தலையில் இறங்கியது. மகனை மீட்கத் தந்தை நாராயணய்யா தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் தாண்டி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1914இல் பெசண்டுக்குச் சாதகமாய் முடிந்தது. 1925இல் நித்யா இறந்தார். 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் நகரில், தமக்காக அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். பிறர் எழுதிக் கொடுத்த பிறவிகளை உதறித் தன் ஒற்றைப் பிறவிக்குத் திரும்பினார்.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. அடையாற்று நூலில் முற்பிறவி ஒருவரை உயர்த்திக் காட்டும் பட்டயம். சாத்தனாரிடம் அது தீர்க்க வேண்டிய கடன்.

இதை நாம் உணர ஒரு மாணவி காரணமானாள். வயல்வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண். வகுப்பில் எழுந்து, "அப்படின்னா பசியோட இருக்கிறவங்க எல்லாம் முன்வினையாலதான் அப்படி இருக்காங்களா ஐயா?" என்று கேட்டாள். இந்தக் காவிரிப் படுகையில் எத்தனையோ தலைமுறைக் கூலியாட்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானம் அதுதான். நமக்கு உடனே பதில் வரவில்லை. நூலை மீண்டும் முதலிலிருந்து படித்தோம்.

உதயகுமாரன் காஞ்சனன் வாளால் வீழ்ந்ததற்குக் கந்திற்பாவை முற்பிறவிக் காரணம் சொல்கிறது. முனிவர்க்கு உணவு கொண்டுவந்த சமையற்காரன் கால் தளர்ந்து விழுந்து கலங்களைச் சிதைத்தான். சினந்த இராகுலன் அவனை வெட்டினான். பல முறை படித்த இடம்தான். ஆனால், கலம் உடைத்த வேலைக்காரனின் உயிருக்கு ஓர் இளவரசனின் உயிர் ஈடாக வைக்கப்படுகிறது என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. ஊழ் என்று சொல்லிக் காஞ்சனனையும் பாவை விட்டுவிடவில்லை. இவ்வினை உன்னையும் சேரும் என்கிறது. கேள்வி கேட்கப்படுவோர் எப்போதும் வாள் ஏந்தியவர்கள். அமுதசுரபியோடு புகார் வீதியிலும் சிறைக்கோட்டத்திலும் நிற்கும் மணிமேகலையோ, கை நீட்டும் எவரிடமும் போன பிறவியில் என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னோம். அந்தப் பெண் தலையசைத்தாள். முழுதும் ஒப்புக்கொண்டாளா என்பது தெரியாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப்போட்டது. பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் தோப்புத் தோப்பாய்ச் சாய்ந்தன. மின்சாரமில்லாத அந்நாட்களில், தெருவில் அடுப்பு மூட்டி, இருந்த அரிசியை ஒன்றாய்ப் போட்டுப் பொங்கி, எல்லோரும் வரிசையில் நின்று வாங்கி உண்டோம். சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்பார்கள். தானியம் அளந்து விற்றவர் அவர். பிறவிக் கணக்கை அத்தனை விரிவாக எழுதியவர், பசித்தவன் முன்னால் மட்டும் கணக்கேட்டை ஏன் மூடி வைத்தார் என்பது, கையில் தட்டோடு நின்ற அந்த வரிசையில் நமக்கு விளங்கியது.