ஸ்ட்ராபெரியின் எடையும் ஐந்து செடிகளின் கடற்பயணமும்

ஐரோப்பியக் காடுகளில் தானே விளையும் ஸ்ட்ராபெரியின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். இன்று சந்தைக்கு வரும் பழம் பெரும்பாலும் 10 முதல் 30 கிராம் வரை இருக்கும். 2021-இல் இஸ்ரேலில் விளைந்த 'இலான்' வகைப் பழம் ஒன்று 289 கிராம் எடையுடன் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. ஐரோப்பியக் காட்டுப்பழமே படிப்படியாகப் பருத்து இந்நிலையை எட்டியது எனக் கருதுவது பிழை. சந்தைப் பழத்தின் முன்னோர் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவர்கள்.

1712-இல் ஃபிரெஞ்சுப் படைப் பொறியாளர் அமெதே ஃபிரான்சுவா ஃப்ரெசியே, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்க்க அனுப்பப்பட்டார். சிலி நாட்டின் கொன்செப்சியோன் பகுதியில் அக்ரூட் அளவிலும், சிலவேளை கோழிமுட்டை அளவிலும் ஸ்ட்ராபெரிகளைக் கண்டார். ஸ்பானியர் வருகைக்கு முன்பிருந்தே மாபுசே மக்கள் பெரும்பழம் தரும் செடிகளைத் தேர்ந்து பேணிவந்ததன் பயன் அது. 1714-இல் ஃப்ரெசியே தாயகம் திரும்பியபோது ஐந்து செடிகளே உயிர்பிழைத்திருந்தன. நன்னீர் அரிதான கப்பலில் அவற்றுக்கு நீர் வழங்கிய சரக்குப் பொறுப்பாளருக்கு இரண்டைக் கொடுத்தார். ஒன்று பாரிஸ் அரச தோட்டத்தை அடைந்தது.

செடிகள் தழைத்தன, ஆனால் காய்க்கவில்லை. அவை அனைத்தும் பெண்பூக்களை மட்டுமே பூப்பவை. மகரந்தம் தரும் துணைச்செடி சிலியிலேயே தங்கிவிட்டது. பின்னர் பிரெஸ்ட் நகரை அடுத்த தோட்டங்களில், வட அமெரிக்காவிலிருந்து வந்த வர்ஜீனிய ஸ்ட்ராபெரியை இடையிடையே நட்டபோது பெரும்பழங்கள் விளைந்தன. இவ்விரு இனங்களின் கலப்பே புதிய தோட்ட ஸ்ட்ராபெரி என்பதை 1766-இல் அந்துவான் நிக்கோலா துஷேன் விளக்கினார்.

மகரந்தத்திற்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 1950-இல் தெளிவாயிற்று. நாம் உண்ணும் சதைப்பகுதி பூவின் அடித்தளம் பருத்து உருவாவது. மேலே ஒட்டியுள்ள சிறு மணிகளே தாவரவியல் நோக்கில் உண்மையான கனிகள். அம்மணிகளை அகற்றினால் சதை வளர்வதில்லை என்றும், ஆக்சின் என்னும் வளரூக்கியைப் பூசினால் மீண்டும் வளர்கிறது என்றும் ஜே. பி. நிட்ச் சோதித்துக் காட்டினார். எனவே மணிகள் மிகுந்தால் எடை மிகும். மகரந்தம் எட்டாத பகுதி சூம்பிப்போகும். ஒரே செடியிலும் கொத்தின் முதற்பூவில் சூலகங்கள் மிகுதி. ஆதலால் முதற்பழம் கனமாகவும், பின்வருபவை சிறுத்தும் அமைகின்றன. வெப்பம் மிகுந்தால் பழம் விரைந்து பழுத்துச் சிறுத்துவிடும். மகாபலேஷ்வரின் குளிர்ந்த மலைச்சரிவுகள் இப்பயிருக்கு உகந்தவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்ட்ராபெரியின் வரலாறு வழக்கமாக ஃப்ரெசியேயிடமிருந்தே தொடங்குகிறது. அவர் உயிருடன் கொண்டுசேர்த்தது ஐந்து செடிகளை. அவற்றின் பெரும்பழத் தன்மையோ பெயர் பதிவாகாத மாபுசே உழவர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. மகாபலேஷ்வரில் தராசில் ஏறும் பழத்தின் எடையிலும் அவ்வுழைப்பின் பங்கு உண்டு. 1714-ஐத் தொடக்கமாகக் கொள்ளும் வரலாறு அப்பங்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை.