ஓசூரில் ஃபார்மலின், பெங்களூரில் புரோப்: மரபணு இணைவுச் சோதனையும் எல்லைப்புற மாவட்டமும்

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 300. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் குடும்பங்கள் எந்தப் பக்கம் பஸ் ஏறும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையமும், பொம்மசந்திராவிலுள்ள மஜும்தார் ஷா மருத்துவமனையும் ஓசூர் சாலையை ஒட்டியே இருக்கின்றன. ஓசூர் போன்ற பெரிய தொழில் நகரத்துக்குச் சொந்தமாக, மரபணு இணைவுகளைக் கண்டறியும் ஒரு ஃபிஷ் (FISH) சோதனைக்கூடம் வேண்டாமா என்ற கேள்வி இயல்பானது. ஆனால் அது தவறான இடத்தில் எழுப்பப்படும் கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம். சோதனையின் நம்பகத்தன்மையில் பெரும்பகுதி, புரோப் திசுவைத் தொடுவதற்கு முன்பே, பயாப்சி எடுத்த அறையில் தீர்மானமாகிவிடுகிறது.

ஃபிஷ் சோதனை அடிப்படையில் ஓர் இட அளவீடு. குறிப்பிட்ட மரபணுப் பகுதியோடு மட்டும் இணையும் டி.என்.ஏ. துண்டில் ஒளிரும் சாயம் ஏற்றப்படுகிறது; இதுதான் புரோப். உட்கருவின் டி.என்.ஏ. இழைகளைச் சூட்டில் பிரித்து, 37 டிகிரியில் இரவு முழுவதும் புரோப்போடு விட்டால் அது தன் இணையைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் இருட்டறையில் நீல உட்கருக்களுக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் தெரியும். இணைவுப் புரோப்பில், விலகி இருக்க வேண்டிய இரு நிறங்கள் சேர்ந்தால் நோய். பிளவுப் புரோப்பில், சேர்ந்திருக்க வேண்டியவை பிரிந்தால் நோய். பிளவுப் புரோப் மரபணு உடைந்ததைச் சொல்லும். உடைந்த துண்டு யாரோடு சேர்ந்தது என்பதைச் சொல்லாது. அறிக்கையை வாங்கிப் படிக்கும் மருத்துவர்களே சில சமயம் இதை மறந்துவிடுகிறார்கள்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் இந்த முறைக்குச் சிக்கல் குறைவு. இந்நோயில் 1960-ல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் கண்ட பிலடெல்பியா குரோமோசோம், 9-க்கும் 22-க்கும் இடையிலான இடமாற்றத்தால் உருவாவது என்று 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். இந்நோய் மேலை நாடுகளில் அறுபதை ஒட்டிய வயதில் மிகுதி. இந்தியாவில் பெரும்பாலும் நாற்பதை ஒட்டியே வருகிறது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுகளில் நிற்பவர்களின் வயதும் ஏறத்தாழ அதுதான். இதற்கு ஹெப்பரின் குழாயில் ரத்தம் எடுத்து அனுப்பினால் போதும். பகுப்பில் இல்லாத செல்லிலும் புள்ளிகளை எண்ணலாம் என்பதால் பயணத் தாமதம் ஓரளவு பொறுக்கும். இமாடினிப் மருந்து தொடங்கிய பின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நோய் குறைந்ததா என்று பார்க்க ஃபிஷ் உதவாது; அதற்கு பாலிமரேஸ் தொடர்வினைதான் வேண்டும்.

நுரையீரல் புற்றுநோய்க்கு வந்தால் கதை வேறு. ஈஎம்எல்4-ஏஎல்கே இணைவை ஜப்பானில் மானோ குழுவினர் 2007-ல் அறிவித்தனர். 2011-ல் கிரிசோடினிப் மருந்துக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தபோது, ஏஎல்கே பிளவுப் புரோப்பும் துணைச் சோதனையாக ஒப்புதல் பெற்றது. இரு மரபணுக்களும் 2-ஆம் குரோமோசோமின் ஒரே கரத்தில், சுமார் 1.2 கோடி காரங்கள் இடைவெளியில் இருப்பவை. துண்டு தலைகீழாகத் திரும்பும்போது சிவப்பும் பச்சையும் மெல்லத்தான் விலகுகின்றன. இரண்டு புள்ளி விட்ட அளவாவது இடைவெளி இருந்தால்தான் பிளவு என்பது விதி. 50 செல்களில் 5-க்குக் குறைவாக இருந்தால் இல்லை, 25-க்கு மேல் இருந்தால் உண்டு. இடைப்பட்டால் இன்னொருவர் மேலும் 50 செல்களை எண்ண வேண்டும். சராசரி 15 சதவீதத்தை எட்டினால் பிளவு உண்டு.

இவ்வளவு நுண்ணிய அளவீட்டை எதன்மீது செய்கிறோம்? மெழுகு பிளாக்கிலிருந்து சீவிய சில மைக்ரான் தடிமன் கொண்ட திசுவின் மீது. உட்கரு அதைவிடப் பெரியது. கத்தியே சில புள்ளிகளை அறுத்தெறிந்துவிடும். இதோடு ஃபார்மலின் கோளாறும் சேர்ந்தால் எண்ணுபவர் பாடு திண்டாட்டம். கடையில் வாங்கும் ஃபார்மலினில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு பஃபர் நீர் கலந்ததே 10 சதவீத ஃபார்மலின். பஃபர் இல்லாமல் நாள்பட வைத்தது ஃபார்மிக் அமிலமாகி டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. ஃபார்மலினில் ஊறும் நேரம் குறைந்தால் நொதி கொடுக்கும்போது உட்கரு கரைகிறது. நாள் கூடினால் புரோப் உள்ளே நுழைவதில்லை, பச்சைப் புகைமூட்டம்தான் மிஞ்சும். எலும்புத் திசுவை அவசரத்துக்கு அமிலத்தில் இளக்கினால், ஈவிங் சர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்கான புரோப்புக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, ஈ.டி.டி.ஏ. மெதுவாக இளக்கும், ஆனால் டி.என்.ஏ. தப்பும். சனிக்கிழமை மாலை எடுத்த பயாப்சி சலைனில் கிடந்து திங்களன்று எல்லை தாண்டினால், அத்திப்பள்ளிக்கு அப்பால் எத்தனை உயர்ந்த நுண்ணோக்கி இருந்தும் பயனில்லை.

ஃபிஷ் பழசாகிவிட்டது, அடுத்த தலைமுறை வரிசையாக்கம் வந்துவிட்டது என்று மறுப்பவர்கள் உண்டு. ஆர்.என்.ஏ. வரிசையாக்கம் இணைவின் கூட்டாளியையும் பெயர் சொல்லிக் காட்டும் என்பது உண்மை. ஆனால் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வைவிட எளிதில் சிதைவது. புதிய தொழில்நுட்பம் மோசமான ஃபார்மலினை இன்னும் கடுமையாகத் தண்டிக்கும். ஏஎல்கேயைப் பொறுத்தவரை டி5எஃப்3 எதிர்ப்பொருள் கொண்டு செய்யும் சாயச் சோதனை மலிவான முதல் சல்லடை; அதற்கும் நல்ல பிளாக்தான் வேண்டும்.

ஓசூரிலேயே ஃபிஷ் கூடம் என்ற யோசனையை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒளிரும் புரோப்கள் விலை கூடியவை, குளிரிலும் இருட்டிலும் காக்க வேண்டியவை. மாதத்துக்கு விரல்விட்டு எண்ணும் மாதிரிகள் வரும் இடத்தில் புரோப் காலாவதியாகும். எண்ணுபவரின் கண்ணும் பழகாது. எண்ணுவதை ஓரிடத்தில் குவிப்பதே நல்லது. திசுவைப் பதப்படுத்துவதைத்தான் பரவலாக்க வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறை, மாவட்டம் முழுவதற்கும் பஃபர் ஃபார்மலின் நிரப்பிய வாயகன்ற டப்பாக்களை வழங்கி, பிளாக்குகளை அங்கேயே போட்டால் பாதிச் சிக்கல் தீரும். மெழுகு பிளாக்குக்கு ஐஸ் பெட்டி வேண்டாம். சாதாரண வெப்பத்தில் பெங்களூருக்கும் போகும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் போகும்.

சோதனைக்கு அனுப்பும் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்க்க வேண்டும்: திசு எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். அறிக்கையில் எந்தப் புரோப், எத்தனை செல்கள், எத்தனை சதவீதம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். வெறும் ‘பாசிட்டிவ்’ என்பதை வைத்து அடுத்த மாநிலத்து மருத்துவர் எதையும் சரிபார்க்க முடியாது. சோதனை முடிந்த பிளாக் நோயாளியின் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். மருந்து பலிக்காமல் போகும் நாளில் மறு சோதனைக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் அது ஒன்றுதான்.