கொல்லி அறைப்பள்ளியும் ஆகாயகங்கையும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் மலைமேல் ஒருங்கே அமைந்த பழம்பதிகள் சிலவே. அவற்றுள் ஒன்று கொல்லிமலையிலுள்ள அறப்பளீசுவரர் திருக்கோயில். நாமக்கல் மாவட்டத்துள்ள இம்மலைக்கு வழிகாட்டுவாருடன் வைகறையிற் புறப்பட்டு, 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தேறி, திருக்கோயிலை வணங்கி, ஆகாயகங்கை அருவியாடி, அந்திக்குள் மீள்வார் இந்நாளிற் பலர். வழிகாட்டுவார் கூறுவனவற்றுள் வரலாறும் உண்டு. வழிவழி வந்த கதையும் உண்டு. இரண்டனையும் பிரித்துணர்ந்து, இரண்டற்கும் உரிய மதிப்பை அளித்தல் அடியார்க்குக் கடனாம்.

மலைமேல் செம்மேடு என்னும் ஊரில் வல்வில் ஓரியின் உருவச்சிலை நிற்கின்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய இவன் கொல்லிக்குத் தலைவன். இவனது வில்லாண்மையையும் கொடையையும் வன்பரணர் புறநானூற்றிற் பாடியுள்ளார். மலையமான் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தி அகநானூற்றால் அறியப்படும். மலையை ஆண்டவனும், வென்றவனும், பெற்றவனும் மறைந்தனர். அவர்தம் அரண்மனைகள் இன்று காணப்படுமாறில்லை. அம்மலையில் இன்றும் விளக்கெரிவது இறைவன் திருமுன்னரே என்பதை யாத்திரிகர் உள்ளத்திற் கொள்வாராக.

செம்மேட்டினின்று சென்றால் வளப்பூர் நாட்டில் திருக்கோயிலை அடையலாம். இறைவன் அறப்பளீசுவரர், இறைவி அறம்வளர்த்த நாயகி. இத்தலத்திற்கெனத் தனிப்பதிகம் இன்று கிடைத்திலது. அதுபற்றி இதனைச் சிறுதலமெனக் கருதுதல் பிழை. திருஞானசம்பந்தர் திருக்ஷேத்திரக்கோவையில் இதனை ‘அறப்பள்ளி’ என்று எடுத்தோதினார். திருநாவுக்கரசர் அடைவு திருத்தாண்டகத்தில், பள்ளி என முடியும் பதிகளை நிரலே கூறுமிடத்து, கொல்லியின் பெயரையும் உடன்சேர்த்து ‘அறைப்பள்ளி’ என்றார். ஆதலின் இது தேவார வைப்புத்தலம் என்பது ஐயமின்றி விளங்கும். 7-ஆம் நூற்றாண்டிலேயே மலைமேலுள்ள இப்பதி சமவெளியிலுள்ள அடியார் திருவாயில் இடம்பெற்றிருந்தமை வரலாற்றுக்குப் பெருஞ்சான்றாம்.

இவ்விரு பெயருள் எது பொருத்தமுடைத்து என்னும் வினா எழும். அறை என்பது பாறை. ஆகலின் அறைப்பள்ளி என்பது இடத்தின் இயல்பு குறித்த பெயர். அறம் என்பதனோடு இயைப்பின் இறைவனது அருளியல்பு குறித்த பெயராம். அம்மையின் திருப்பெயரும் அதற்கு அரண் செய்கின்றது. ஒரே நூற்றாண்டில் வாழ்ந்த இருபெருங் குரவர் வாக்கிலும் முறையே இவ்விரு வடிவும் காணப்படுதலின், ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் முறையன்று.

பள்ளி என்னும் பெயரைக் கண்ட துணையானே இது முன்னர்ச் சமணர் உறைவிடமென முடிபு கூறுவாரும் உளர். பள்ளி என்பது அவர்தம் உறைவிடத்திற்கு வழங்கிற்று என்பது உண்மையே. ஆயினும் ஊர், தங்குமிடம், கோயில் என்னும் பொருள்களிலும் அது வழங்கும். சிராப்பள்ளி, காட்டுப்பள்ளி, சக்கரப்பள்ளி, நனிபள்ளி, அகத்தியான்பள்ளி முதலிய பாடல்பெற்ற தலங்களே அதற்குச் சான்று. பெயரொன்றே கொண்டு வரலாறு கட்டுதல் எப்பக்கத்தார்க்கும் ஏற்புடைத்தன்று.

பிற்காலத்தே சீகாழி அருணாசலக் கவிராயர் மைந்தர் அம்பலவாணக் கவிராயர் இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகம் இயற்றினார். இல்லறம், நட்பு, ஒழுக்கம் முதலியவற்றை எளிய நடையிற் கூறும் அந்நூலால், மலையேறிக் காணாத இல்லங்களிலும் அறப்பளீசன் திருப்பெயர் வழங்கிற்று. அதன்கண் வரும் சதுரகிரி என்பது கொல்லிமலையே. திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சதுரகிரியோடு இதனை மயங்கற்க.

கோயிலருகே ஓடுவது ஐயாறு. அடியார் சிலர் இதன்கண் மீன் பிடித்து அறுத்துச் சமைக்க, அறுத்த துண்டங்கள் பொருந்தி மீண்டும் ஆற்றில் துள்ளின என்பது தலக்கதை. அதனால் இங்குள்ள மீன்களைப் பிடியாது இரையிடுதல் அடியார் வழக்கமாயிற்று. கதைக்குக் கல்வெட்டுத் தேடவேண்டுவதின்று. ஓராற்றின் உயிர்களைக் கொல்லாது காக்கும் விரதம் அக்கதையால் விளைந்தமையே அதன் பயன். கொல்லி என்னும் பெயருடைய மலையிற் கொல்லாமை ஓம்பப்படுதல் நினைக்குந்தோறும் இன்பந்தருவதாம்.

அவ்வாறே சிறிது சென்று ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்று ஆகாயகங்கையாய் வீழ்கின்றது. அதனை அடைய 1,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்குதல் வேண்டும். மீள ஏறுதல் முதியோர்க்கு எளிதன்று. அருவிநீர் மலையடிவாரத்துப் புளியஞ்சோலை வழியே இறங்கிச் சமவெளிக்குச் செல்கின்றது. ஆதலின் மேலே நீரை மாசுபடுத்துவார், கீழே உழுவார்க்கும் உண்பார்க்கும் தீங்கிழைப்பார் ஆவர். சோப்பும் எண்ணெயும் நெகிழிப்பையும் தீர்த்தத்தில் இடுதல் சிவாபராதமே.

வழிகாட்டுவார் பலர் நேரம் போதாமை கருதி அருவியை முதலிற் காட்டிக் கோயிலை இறுதியில் வைக்கின்றனர். களைத்த உடலோடும் திரும்பும் விரைவோடும் செய்யும் வழிபாட்டில் மனம் நிலைபெறாது. முதற்கண் திருக்கோயிலில் இருந்து, அப்பரும் சம்பந்தரும் நினைந்த பெயரைச் சிந்தித்து, ஆற்றின் மீன்களைக் கண்டு, அதன்பின் அருவிக்கு இறங்குவதே தக்க முறை. அவ்வாறு செல்வார்க்கு வீழும் நீரும் வெறுங்காட்சியாகாது, தலையிற் கங்கையைத் தாங்கியவன் அருளாகவே தோன்றும்.

திருச்சிற்றம்பலம்.