வலிமுடிச்சு ஊசி

இறுகிய தசையில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு முடிச்சில் போடப்படும் ஊசி. ஆங்கில மருத்துவத்தில் இம்முடிச்சை ட்ரிகர் பாயிண்ட் என்பர். அதை அழுத்தினால் வலி வேறோர் இடத்திலும் தெறிக்கும்: தோள்பட்டை முடிச்சு தலைவலியாகவும், தாடைத் தசை முடிச்சு பல்வலியாகவும் தோன்றும். குற்றமற்ற பல்லைப் பிடுங்கிய பின்னும் சில வேளைகளில் வலி தொடர்வது இதனால்தான்.

அமெரிக்க மருத்துவர்கள் ஜேனட் ட்ராவெல், டேவிட் சைமன்ஸ் இருவரும் 1983இல் வெளியிட்ட கைநூல் இந்த ஊசிமுறையைப் பரவலாக்கியது. ட்ராவெல், ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு மருத்துவம் பார்த்தவர். முடிச்சை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்லிய ஊசியைச் செலுத்தினால் தசை சட்டெனத் துடிக்கும். பிறகு சிறிதளவு லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து செலுத்தப்படும். மருந்தின்றி ஊசி குத்துவதே வலியைத் தணிக்கக்கூடும் என்று செக் மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார். கழுத்து, தோள் பகுதிகளில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலைத் துளைக்கலாம். பயிற்சியற்ற கையில் இது ஆபத்து.

இலங்கையின் அப்புத்தளை மலைச்சரிவுகளில் தலையில் மாட்டிய கயிற்றில் கூடையைச் சுமந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களின் கழுத்துத் தசைகள் இறுகுவதில் வியப்பில்லை. சுமை குறையாமல், ஓய்வு கிடைக்காமல் ஊசி மட்டும் போட்டால் வலி திரும்பிவிடும்.

தாடை வலியில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. வெற்றிலை பாக்கு மெல்வோருக்கு வாயின் உட்தோல் இறுகி வாய் திறக்க முடியாமல் போகலாம். அது புற்றுநோயாகவும் மாறலாம். வாய் திறப்பு நாளுக்கு நாள் குறுகினால் ஊசியை நாடாதீர்கள்; உடனே பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.